முந்தின நாள் சொன்ன கேள்வி

இல்ல சார், ஹெட்மாஸ்டர் எல்லாம் இல்ல. வெறும் இங்கிலீஷ் வாத்தியார்தான். தோல்பையும் சட்டைப்பையில ரெண்டு பேனாவும் இருந்தா பஸ்ஸுல எல்லாரும் ஹெச்செம்மான்னுதான் கேக்காங்க. பேரு ஆவுடையப்பன். தென்காசிப் பக்கத்துல ஒரு எய்டட் ஸ்கூல். முப்பத்தொரு வருஷம் ஒரே ஸ்கூல், ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே நாற்காலி. வர்ற மே மாசத்தோட முடியுது. முடிஞ்சா போதும்னு இருக்கு.

உங்க மகனுக்கு இங்கிலீஷ் வரமாட்டேங்குதாக்கும். யார் மகனுக்குத்தான் வருது? நான் இங்கிலீஷ் வாத்தியார்னு சொன்ன அடுத்த நிமிஷம் எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க. டாக்டரைப் பார்த்தா முட்டுவலியைச் சொல்லுத மாதிரி. தப்பா எடுத்துக்கிடாதீங்க, அலுத்துப் போச்சு, அதான்.

பிள்ளைகளையும் குத்தம் சொல்ல முடியாது சார். புக்ஸ், பென்ஸ்னு கடைசியில எஸ் வந்தா பன்மை, பன்மைக்கு ‘ஆர்’ போடணும்னு ஆறாங்கிளாஸ்ல நாங்கதான் சொல்லிக் குடுக்கோம். பொறவு எட்டாங்கிளாஸ்ல நாங்களே வந்து, நியூஸ்ல எஸ் இருக்கு, ஆனா அது ஒருமை, ‘இஸ்’ போடுங்கோம். மேத்தமேட்டிக்ஸ் இஸ். எகனாமிக்ஸ் இஸ். பாலிடிக்ஸ் இஸ். மீசில்ஸ், அதான் தட்டம்மை, அதுவும் இஸ். ஏன் சார்னு ஒரு பிள்ளை கேட்டா, அது அப்படித்தான், எழுதிக்கோம்போம். நான் இருபது வார்த்தை லிஸ்ட் வச்சிருந்தேன். போர்டுல எழுதிப் போட்டு, தினம் காலையில ஒரு தடவை ஒப்பிக்க வைப்பேன். முப்பத்தொரு வருஷமும் அதே லிஸ்ட்தான்.

இந்த எஸ்ஸு சமாச்சாரத்துலதான் எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு வேலை போச்சு. என்னாலதான் போச்சுன்னு பேசிக்கிடுதாங்க. என் முன்னாடி பேசமாட்டாங்க. நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள வந்தா டீ டம்ளரை எடுத்துக்கிட்டு வராண்டாவுக்குப் போயிருவாங்க. நான் ஒரே ஒரு கேள்விதான் சார் கேட்டேன். ஒரு வாத்தியார் கேள்வி கேக்கக் கூடாதா?

சொல்லுதேன். வண்டி இப்பத்தான் கடையநல்லூர் தாண்டுது, நேரம் கிடக்கு.

செண்பகவல்லின்னு ஒரு பிள்ளை. செண்பகம்னு கூப்பிடுவோம். ரெண்டு வருஷமா எங்க ஸ்கூல்ல தற்காலிகமா இங்கிலீஷ் எடுத்துக்கிட்டு இருந்தா. பெத்தோர் கழகம் குடுக்கிற சம்பளம், அதைச் சம்பளம்னு சொல்லவே கூச்சமா இருக்கும். அப்பா இல்ல. அம்மா பீடி சுத்துதாங்க. நிரந்தர வேலை மட்டும் கிடைச்சிட்டா எங்கம்மா மடியில இருந்து பீடித்தட்டை எறக்கி வச்சிருவேன் சார்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நல்ல பிள்ளை. எனக்கு அவ மேல ஒரு வருத்தமும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிருதேன்.

பிள்ளைகளுக்கு அவ மேல ஒரே பிரியம். அதுல எனக்கு என்ன? புது வாத்தியார்னா அப்படித்தான். இன்டர்வல்ல அவ கூடவே திரிவாங்க. ஒருநாள் ரெண்டு பிள்ளைகள் பேசிட்டுப் போகுது, ‘அடுத்த பீரியடு இங்கிலீஷ் மிஸ்ஸா, லிஸ்ட் சாரா?’ன்னு. லிஸ்ட் சார்ங்கிறது நான்தானாம். சிரிச்சுக்கிட்டேன். பிள்ளைகதான, என்னத்தைச் சொல்ல.

போன வருஷம் அரையாண்டுத் தேர்வுக்கு நான் கேள்வித்தாள் எழுதினேன். அதுல ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு, அதான் புள்ளிவிவரம், ஒரு வார்த்தை வருது. அதுவும் என் லிஸ்ட்ல உள்ளதுதான், நான் பாட்டுக்கு ‘இஸ்’ போட்டு வச்சிருந்தேன். செண்பகம் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, ‘சார், பாடத்தோட பேரா வந்தா இஸ். இங்க கணக்கெடுத்த எண்ணிக்கையைல்லா சொல்லியிருக்கு? அப்ப ஆர் வரும்லா சார்’னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா கணக்கு வாத்தியாரும் இருந்தார், சயின்ஸ் டீச்சரும் இருந்தாங்க. கணக்கு வாத்தியார் பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டுச் சிரிச்சார். நான் பார்த்தேன்.

சரின்னு திருத்திட்டேன். அவ சொன்னது சரிதான். அதுக்கப்புறம் ஒரு பன்னெண்டு நாள் நான் அவகிட்ட பேசல. கோவம் எல்லாம் ஒண்ணும் இல்ல சார். பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல, பேசல. அவளா ஒருநாள் வந்து என் மேசைக்கு முன்னாடி நின்னா. கண்ணெல்லாம் கலங்கிப் போய், ‘இனிமே நாலு பேரு முன்னாடி உங்க தப்பைச் சொல்லமாட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க’ன்னா. பாத்துக்கிடுங்க, மன்னிப்பு கேக்க வந்த இடத்துலயும் தப்புங்கா. போட்டும் போம்மான்னுட்டேன். அதோட முடிஞ்சு போச்சு. நான் எதையும் மனசுல வச்சுக்கிடுத ஆளு இல்ல.

போன மார்ச் மாசம் ஒரு நிரந்தர இடம் காலியாச்சு. எங்க ஸ்கூல்ல வேலைக்கு எடுக்கிறதுக்கு ஒரு முறை உண்டு. வர்ற ஆளு ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணும். பிள்ளைகள் எப்பவும் போல உக்கார்ந்திருக்கும். கடைசி பெஞ்சுல கமிட்டிக்காரங்க மூணு பேரு உக்காருவாங்க. கிளாஸ் முடிஞ்சதும் அந்தப் பாடத்துல சீனியர் யாரோ அவர் எந்திரிச்சு ஒரு கேள்வி கேக்கணும். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு பதில் சொல்லிட்டா முடிஞ்சுது. கமிட்டிக்காரங்களுக்கு இங்கிலீஷா தெரியும்? சீனியர் கேட்டார், இவங்க சொன்னாங்க, அவ்வளவுதான் அவங்க பாக்கிறது.

அதுல வெளிய தெரியாத இன்னொரு முறையும் உண்டு. நீங்க வெளியாளு, உங்ககிட்ட சொல்லுததுல என்ன வந்திரப் போகுது. என்ன கேள்வி கேக்கப் போறோம்னு முந்தின நாள் சாயங்காலமே அந்த ஆளுகிட்ட சொல்லிருவோம். திருட்டுத்தனம் எல்லாம் இல்ல சார். கமிட்டி முன்னாடி நின்னா நல்லாத் தெரிஞ்சவனுக்கே நாக்கு ஒட்டிக்கிடும். பாவம், வேலைக்கு வந்தவனை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு எங்க பெரியாட்கள் ஏற்படுத்தி வச்சது. எனக்கும் அப்படித்தான். தவசிமுத்து சார்னு என் சீனியர், சைக்கிளை மிதிச்சு நான் தங்கியிருந்த லாட்ஜுக்கே வந்து சொல்லிட்டுப் போனார். ‘ஆவுடை, நாளைக்கு இதைத்தான் கேப்பேன், பயப்படாத’ன்னார். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

செண்பகமும் முந்தின நாள் எங்க வீட்டுக்கு வந்தா. அவ அம்மாவும் வந்திருந்தாங்க. வாசல்லயே நின்னுக்கிட்டாங்க, உள்ள வாங்கன்னாலும் வரல. என் வீட்டுக்காரி காப்பி குடுத்தா. செண்பகம், ‘நாளைக்கு என்ன சார் கேப்பீங்க?’ன்னா. ‘இந்த எஸ்ஸுல முடியுற வார்த்தை பாடத்தையே நடத்து. நியூஸுக்கு ஏன் இஸ் வருதுன்னு கேக்கேன், நீ சொல்லிரு’ன்னேன். அவ அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாங்க. நான் மனசாரத்தான் சொன்னேன் சார். அப்ப எனக்கு வேற நினைப்பு இல்ல. இதை நீங்க நம்பணும்.

மறுநாள் எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சுல செயலர் வேலாயுதம் அண்ணாச்சி நடுவுல, ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு, ஓரத்துல நான். செண்பகம் போர்டுல மீசில்ஸ்னு எழுதினா. எழுதிட்டு, ‘யாருக்கெல்லாம் அம்மை வந்திருக்கு?’ன்னு கேட்டா. ஏழெட்டு பேரு கையைத் தூக்குனாங்க. ‘உடம்புல எத்தனை முத்து போட்டிருந்துச்சு?’ன்னா. எண்ண முடியாது மிஸ்னு கத்துதுக. ‘அவ்வளவு முத்து போட்டிருந்துச்சே, வீட்ல என்ன சொன்னாங்க?’ன்னு கேட்டா. ‘அம்மா வந்திருக்கான்னு சொன்னாங்க மிஸ்.’ ‘எத்தனை அம்மா?’ ‘ஒரு அம்மாதான் மிஸ்!’ கிளாஸ் பூரா சிரிக்குது. ‘முத்து எத்தனை இருந்தாலும் வந்தவ ஒருத்திதான? அப்ப இஸ்ஸா ஆரா?’ன்னா. இஸ்ஸுன்னு நாப்பது பிள்ளையும் ஒரே குரல்ல சொல்லுது.

அப்படியே நியூஸுக்கு வந்தா. ‘ஏழு மணிச் செய்தியில எத்தனை ஊர்ச் சமாச்சாரம் வருது? ஆனா வீட்ல தாத்தா என்ன சொல்லுதாங்க, செய்தி போட்டுட்டானான்னுதான கேக்காங்க, செய்திகள் போட்டுட்டாங்களான்னா கேக்காங்க?’ அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. லிஸ்ட் இல்ல, ஒப்பிக்கிறது இல்ல. இங்கிலீஷைத் தமிழ்ல நடத்துறது முறை இல்லைன்னு ஒரு கட்சி இருக்கு. நான் அந்தக் கட்சி. ஆனா நடத்துனா சார், அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். நான் அம்மை போட்டுக் கிடந்தவன்தான். என் வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. எனக்கு இது ஏன் தோணலன்னு அந்த பெஞ்சுல உக்கார்ந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

அண்ணாச்சி என் தொடையில தட்டினார். ‘என்ன வாத்தியாரே, இம்புட்டு லேசா? எம் மகன் உங்ககிட்ட படிக்கையில இருபது வார்த்தையை ஒப்பிக்க மாட்டாம வீட்ல அழுவாம்லா’ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். பக்கத்துல இருந்தவரும் சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

பொறவு நான் எந்திரிச்சேன். கேள்வி கேக்கணும்லா. நியூஸுக்கு ஏன் இஸ்னு கேக்கலாம்னா அதைத்தான் அவ இப்பத்தான கிளாஸ்லயே சொல்லி முடிச்சா? சொன்னதையே திரும்பக் கேட்டா கமிட்டி என்ன நினைக்கும்? நீங்களே சொல்லுங்க. கேள்வியை மாத்த வேண்டியதாப் போச்சு. ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எப்ப இஸ் எடுக்கும், எப்ப ஆர் எடுக்கும்?’னு கேட்டேன். வாயில அதுதான் வந்துச்சு.

அவளுக்குத் தெரியாத கேள்வியா சார் அது? அவதான எனக்கே சொன்னா. நான் கேட்டதே அவளுக்குத் தெரியும்ங்கிறதுக்காகத்தான். இதை நான் ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு தடவை சொல்லிட்டேன்.

அவ பதில் சொல்லல. சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. ‘சார்?’னு மட்டும் கேட்டா. சொல்லும்மான்னேன். பின்னயும் பாக்கா. முன் பெஞ்சுல ஒரு பொம்பளப்பிள்ளை, ‘மிஸ், அதான் அன்னைக்குச் சொன்னீங்கள்லா, சொல்லுங்க மிஸ்’னு கிசுகிசுக்குது. அதுக்கும் வேண்டாம்னு தலையை ஆட்டுனா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எம்புட்டு நேரம் நின்னிருப்பான்னு நினைக்கீங்க? ஒரு நிமிஷம் இருக்கும். கிளாஸ்ல ஒரு நிமிஷம்ங்கிறது ரொம்ப நேரம் சார்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லா? சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? நாலு பேரு முன்னாடி என்னைத் திருத்தமாட்டேன்னு அவ சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் நின்னான்னு சயின்ஸ் டீச்சர் சொல்லுதாங்க. அதே கேள்வியை நான் கேட்டதும், சொன்னாலும் கோவிப்பார், சொல்லாட்டியும் போச்சுன்னு மருண்டு போயிட்டாளாம். அவங்களா ஏதாவது சொல்லுவாங்க. இவ்வளவு யோசிச்சுக்கிட்டா ஒருத்தர் கேள்வி கேக்க முடியும்?

அடுத்து ஒரு ஆளு வந்தார். பேரு நெல்லையப்பன். சுமாராத்தான் நடத்தினார். பிள்ளைகள் கொட்டாவி விட்டுச்சு. அவர்கிட்டயும் முந்தின நாள் கேள்வி சொல்லியிருந்தேன். அதையே கேட்டேன். டாண்ணு பதில் சொன்னார். இப்ப அவர்தான் இருக்கார். நல்ல மனுஷன், தினமும் மூணு தடவை டீ குடிப்பார்.

பரவாயில்ல, ஜன்னல் தொறந்தே இருக்கட்டும்.

இந்த வருஷம் என்ன வருஷம்னு சொல்ல சார். எட்டாங்கிளாஸுக்கு அந்தப் பாடம் நான்தான் எடுத்தேன். லிஸ்ட் எழுதப் போனவன், சரி இருக்கட்டும்னு மீசில்ஸ்னு எழுதி, அம்மை யாருக்கெல்லாம் வந்திருக்குன்னு கேட்டேன். முத்து எத்தனை, அம்மா எத்தனைன்னு அவ கேட்டது மாதிரியேதான் கேட்டேன். ஒரு பிள்ளை சிரிக்கல. ஒருத்தன் எந்திரிச்சு, ‘சார், இது செண்பகம் மிஸ் எங்க அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தது’ன்னான். உக்காருலேன்னேன். உக்கார்ந்துட்டான். அன்னைக்கு பீரியடு முடியுறதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டேன். முப்பத்தொரு வருஷத்துல பெல் அடிக்காம நான் கிளாஸை விட்டு வந்தது கிடையாது.

அவ இப்ப வாசுதேவநல்லூர்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இருக்கா. அவ அம்மா இன்னும் பீடிதான் சுத்துதாங்களாம். அந்த ஸ்கூல்ல அனுபவச் சான்றிதழ் கேட்டிருக்காங்க, எங்க ஸ்கூல்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்தான்னு. ஹெச்செம் என்கிட்டதான் எழுதச் சொன்னார். அந்த ஃபாரத்துல ‘பாட அறிவு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ‘மிக மிக நன்று’ன்னு எழுதினேன். நான் யாருக்கும் ரெண்டு ‘மிக’ போட்டது கிடையாது. தபால்ல அனுப்பிருங்கன்னார் ஹெச்செம். நான்தான் நேர்ல கொண்டு போய்க் குடுத்துருதேன்னு வாங்கிட்டு வந்தேன். இது மூணாவது தடவை. போன ரெண்டு தடவையும் அந்த ஸ்கூல் வாசல் வரைக்கும் போனேன். உள்ள பிரேயர் நடந்துச்சு, பொறவு கிளாஸ் நடந்துச்சு, வேலை நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வந்துட்டேன்.

ஒண்ணு விட்டுட்டேன் சார். அதையும் சொல்லிருதேன்.

அன்னைக்குக் கிளாஸ் முடிஞ்சு நாங்க ஹெச்செம் ரூம்ல உக்கார்ந்திருந்தோம். அண்ணாச்சிக்கு செண்பகத்தை விட மனசு இல்ல. பொறவு என்னைப் பார்த்து, ‘வாத்தியாரே, நீங்க ரெண்டு வருஷம் கூட இருந்து பார்த்தவரு. பயத்துல நின்னுட்டாளா, இல்ல நெசமாவே தெரியாதா? தெரியும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் அவளையே போட்டுருதேன்’னார். இவ்வளவு நேரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன். கேள்வியில என்ன சார் இருக்கு? அவர் கேட்டதுக்கு நான் சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. ‘தெரியாது போல அண்ணாச்சி’ன்னேன். ஹெச்செம் ரூம்ல கதவு கிடையாது, திரைச்சீலைதான். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல செண்பகம் உக்கார்ந்து இருந்தா. கீழ அவ செருப்பு தெரிஞ்சுச்சு. நான் அதைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன்.

கெட்டவன் சார் நான். எட்டு மாசமா வேற என்னென்னமோ சொல்லிப் பார்க்கேன், கடைசியில இங்கதான் வந்து நிக்குது.

புளியங்குடி வந்துட்டா? நீங்க வாசுதேவநல்லூர்தான? கண்டக்டர்கிட்ட கேட்டீங்கல்லா. அந்த ஸ்கூல் மெயின் ரோட்டுலயே இருக்கு, பெட்ரோல் பங்குக்கு அடுத்தது. இந்தக் கவரைச் செண்பகம் டீச்சர்கிட்ட குடுத்துருங்களேன். வேற யார்கிட்டயும் குடுக்க வேண்டாம். யார் குடுத்தான்னு கேட்டா, பஸ்ஸுல ஒருத்தர்னு சொன்னா போதும். கேக்கமாட்டா, மேல இருக்கிற கையெழுத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுரும். வாங்குனாளா, தூரப் போட்டாளான்னு... இல்ல சார், அது எனக்குத் தெரிய வேண்டாம்.

கண்டக்டர், நில்லுங்க, நில்லுங்க, ஆளு எறங்கணும். டிக்கெட் வாசுதேவநல்லூர் வரைக்கும் எடுத்திருக்கேன்தான்யா. இங்கனயே எறக்கி விட்டுருங்க.